முதலில் வந்த மதினி

மஞ்சள் தண்ணீர் கொட்டிய தார்ரோட்டில் மஞ்சள் தெரியாது. கறுப்பு இன்னும் கொஞ்சம் கறுப்பாகும், அவ்வளவுதான். அக்காவின் வெள்ளைப் பனியனில்தான் அது தெரிந்தது. வலது தோளைப் பிடித்துக்கொண்டு அவர் ரோட்டில் கிடந்தார். தலைமுடியிலிருந்து மஞ்சள் சொட்டியது. சைக்கிளின் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. காலிக் குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு சின்னப் பெண், நான் செய்தது சரிதானே என்று கேட்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் யாரோ அவளைப் பின்னாலிருந்து இழுத்துப் போய்விட்டார்கள்.

அக்கா என்றால் எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் பெண்களுக்கென்று ஒரு சைக்கிள் பந்தயத் தொடர் நடத்தினார்கள். கோடை முழுக்க, ஞாயிறுதோறும் ஒவ்வொரு ரோட்டில் ஓட்டம். எல்லா ஓட்டத்துப் புள்ளிகளையும் கூட்டி முதலிடம் பிடிப்பவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை என்று சொன்னார்கள். அங்கே பழக்கமானவர்தான் அக்கா, என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். நான் தல்லாகுளத்துக் குமாஸ்தா ஒருவரின் மகள். தோற்றால் டைப்ரைட்டிங் ஹையர் எழுதப் போவேன், என் சோற்றுக்கு ஒன்றும் கேடு வராது. அக்காவின் நிலைமை அப்படி இல்லை. முனிச்சாலைப் பக்கம் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். பரமக்குடியில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஆளின் முதல் மனைவி தீவைத்துக்கொண்டு செத்துப்போனவள்.

"வேலை கெடச்சா அப்பா வாயத் தொறக்க மாட்டாரு. கெடைக்காட்டி என்னைய அங்க தள்ளி விட்டுருவாரு" என்று செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொல்வார். மழை வந்தால் நனைவோம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொல்வார். ஆனால் மேடு ஏறும்போது அவர் மிதிக்கிற மிதியைப் பின்னாலிருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும், அந்தப் பரமக்குடி அவரை எப்படித் துரத்தியது என்று.

விடியற்காலையில் பயிற்சிக்குத் திருமங்கலம் ரோட்டில் போவோம். ஊரைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். அங்கே அடிபம்பில் தண்ணீர் குடிக்க நிற்போம். நின்ற மறுநிமிடம் பிள்ளைகள் மொய்த்துவிடும். வளைந்த ஹேண்டிலைப் பார்த்துக் ‘கெடாக்கொம்பு வண்டி’ என்று பெயர் வைத்தார்கள். பெல் எங்கே, கேரியர் எங்கே, இது இல்லாமல் அரிசி மூட்டையை எதில் கட்டுவீர்கள் என்று குடைந்தெடுப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அக்கா ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி சீட்டில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். அதிலே டீக்கடைக்காரரின் கடைசி மகள், எல்லாரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், அக்காவின் பின்னாலேயே திரிவாள். ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிற வயது. கால் எட்டாமலேயே அந்த வண்டியை நாலைந்து நாளில் ஓட்டிவிட்டாள். இவள் ஒருநாள் நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவாள் என்று அக்கா சொன்னார்.

ஒருநாள் பிள்ளைகளின் சட்டையெல்லாம் மஞ்சள் கறையாக இருந்தது. அம்மன் கோயில் பொங்கல் முடிந்திருந்தது. அக்கா விசாரித்தார்.

"முறைக்காரவுகளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துவோம். மாமன், மச்சான், மதினி எல்லாத்துக்கும். அண்ணன் தம்பிக்கு ஊத்தக் கூடாது" என்றாள் சின்னவள்.

"எனக்கு ஊத்தலாமா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "நீங்க எங்களுக்கு என்ன முறை வேணும்?"

"மதினின்னு வச்சுக்க."

"அப்ப இப்பவே ஊத்தவா?"

"இப்ப வேணாம்டி. பந்தயத்தன்னைக்கி நான் மொதல்ல வருவேன்ல, அப்ப ஊத்து."

பந்தயக்காரர்களுக்கு முதலில் வருவது என்றால் முடிவுக்கோட்டில் முதலில் வருவது. அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறதென்றே எங்களுக்குத் தோன்றவில்லை. முடிவுக்கோடு மதுரையில் இருந்தது. அந்தப் பிள்ளை மதுரையைப் பார்த்தவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த ரோடு அந்த அடிபம்புக்கு முன்னால் கிடந்த ரோடுதான்.

கடைசி ஞாயிறு ஓட்டம் அந்த வழியாகப் போய், அப்பால் வளைந்து, அதே வழியாகத் திரும்பி மதுரையில் முடிவது. புள்ளிக் கணக்கில் அக்கா முதலிடம், நான் அடுத்து. போகும்போது எல்லாரும் ஒரே கொத்தாகப் போனோம். திரும்பி வரும்போது அவர் முன்னால், நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால். வேறு யாரும் கண்ணுக்கு எட்டவில்லை. பைலட் மோட்டார்சைக்கிள் முன்னால் எங்கோ போய்விட்டது, நடுவர்களின் ஜீப் பின்னால் எங்கோ வந்தது. பம்படியில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். "மதினி மொதல்ல வந்துட்டாக" என்று சின்னவளின் குரல் கேட்டது. குடத்தோடு ரோட்டோரத்துக்கு ஓடிவந்து, முகத்துக்கு நேராக ஊற்றினாள். அக்கா கண்ணை மூடினார், முன்சக்கரம் ஈரத்தில் வழுக்கிப் போனது. நான் மண்ணில் இறங்கி நின்றேன்.

"நிக்காத, போ. நீயாச்சும் போ" என்று கத்தினார்.

போனேன். ஜெயித்தேன். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

மதுரையில் முதலுதவிக் கூடாரத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தோளில் காறை எலும்பு உடைந்திருந்தது. நடுவர் ஒருவர், நல்ல மனிதர், குனிந்து கேட்டார்: "யாராச்சும் குறுக்க வந்தாங்களாம்மா? வெளியாள் மறிச்சதா எழுதிக் குடுத்தா, அதுவரைக்கும் உள்ள புள்ளிய வச்சு உனக்கே மொத எடத்தக் குடுக்க விதியிருக்கு. போலீசு போயி விசாரிச்சிட்டு வரும், அம்புட்டுதான்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார்.

"யாரும் வரல சார். டயர் வழுக்கிருச்சு."

"பனியன்ல என்னம்மா மஞ்சளு?"

"மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு, கெளம்பயில அம்மா ஊத்தி விட்டாங்க."

நடுவர் போனபிறகு, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "போலீசு போனா அந்த ஊருல எல்லாரும் சேந்து அந்தப் புள்ளையக் கொன்னு போட்ருவாங்க. நாந்தான ஊத்தச் சொன்னேன்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமலே அழுதார். அவர் பரமக்குடிக்காக அழுகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அழுதேன். மறுமாதம் வேலை உத்தரவு என் பெயருக்கு வந்தது. ஆவணியில் அவருக்குக் கல்யாணம் நடந்தது.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. அந்த ஆள் கையை ஓங்கும்போது தடுப்பதற்கு அக்காவுக்கு ஒரு கைதான் இருந்தது. இதை அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பின் முதல்முறை பார்க்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ளைய யாரும் அடிக்கலேல்ல?"

அதற்கு முந்தின வாரம்தான் அந்த ஊருக்குப் போய்வந்திருந்தேன். பந்தயத்தன்று சாயங்காலமே டீக்கடைக்காரர் அவளைப் பழைய சைக்கிள் டயரால் அடித்திருக்கிறார். "ஒரு பொம்பளப் புள்ள பொழப்பக் கெடுத்துட்டாளேம்மா" என்று என்னிடமே சொன்னார். ஊர்ப்பிள்ளைகள் அவளுக்கு ‘கவுத்தவ’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதைக் கேட்க முடியாமல் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லை. போலீசு தேவைப்படவே இல்லை.

"யாரும் அடிக்கலக்கா. நல்லாப் படிக்கிறா" என்றேன்.

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபிறகு அந்தப் பொய்யை என்னால் விடமுடியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பரமக்குடி போவேன், ஒவ்வொரு முறையும் சின்னவளை அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிடுவேன். நான் அவளை ஒன்பதாம் வகுப்பில் வைத்திருந்த வருஷம், அவள் திண்டுக்கல்லுக்கு அந்தப்பக்கம் ஒரு நூல்மில்லில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள் என்று நான் சொன்ன வருஷம், இருமலும் காய்ச்சலுமாக அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் படுத்துக் கிடந்து செத்துப்போனாள். அவள் அப்பா டீ ஆற்றிக்கொண்டே அதைச் சொன்னார், ஆற்றுவதை நிறுத்தவேயில்லை. அதற்குப் பிறகும் நான் அவளைப் பிளஸ் டூ படிக்க வைத்தேன். நர்ஸ் படிப்பில் சேர்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கிக் கொடுத்தேன்.

சென்ற மாதம் போயிருந்தேன். அக்காவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் முடி நரைத்துவிட்டது. காப்பி போட்டு இடது கையால் தம்ளரை நீட்டினார்.

"அடுத்த தடவ அந்தப் புள்ளையவும் கூட்டிட்டு வாயேன். இந்தத் தோளு ராத்திரியெல்லாம் குத்துது, நர்ஸுதான, அவ ஒருக்காப் பாக்கட்டும். என்னையப் பாத்தா மதினின்னு கூப்பிடுவாள்ல?"

"கூப்பிடுவாக்கா."

"என்னைக்கி கூட்டிட்டு வார?" என்று கேட்டார்.