ரோஜாத் தொட்டியிலிருந்து பிடுங்கிப் போட்ட தழை

இளநீர் வெட்டப் போன மூன்றாம் நாளே இடது கையை வெட்டிக்கொண்டேன். மந்தைவெளி ஸ்டேஷன் பக்கம் ஓர் அக்காவின் தள்ளுவண்டி. நான் எட்டாவது தாண்டாதவன். ஊர் ஊராகப் போய்ப் பார்த்த வேலைகளில் இது எத்தனையாவது என்று எனக்கே தெரியாது. ஆனால் பிடித்திருந்தது. மூன்றே வெட்டில் காய் வாய் திறந்தால் அப்படி ஒரு குஷி.

கட்டைவிரலுக்குக் கீழே கத்தி இறங்கியதும் அக்கா டீக்கடையிலிருந்து காபித்தூளை அள்ளி வந்து அப்பினார். இந்தப் பக்கம் யாருக்கு வெட்டுப்பட்டாலும் முதலில் காபித்தூள்தான்.

"நாளைக்கு காய் புடிக்க முடியலேன்னா சொல்லிடு நைனா. என் தம்பிய வரச் சொல்றேன்."

தம்பி வந்தால் நான் மறுபடி நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வெட்டுக்காயப் பூண்டு! சட்டென்று நினைவு வந்தது. செங்கல் சூளையில் இருந்தபோது கை கால் கிழிந்தவர்களுக்கெல்லாம் அந்தத் தழைச் சாறுதான். ஒல்லித் தண்டு, நுனியில் நடுவே மஞ்சளாய் ஒரு பூ. ரயில் பாலத்துக்கு அடியில் போன வாரம்தான் கொத்துக் கொத்தாகப் பார்த்திருந்தேன். ஓடினேன். மொட்டையடித்த மண். முந்தின நாள்தான் சுத்தம் செய்திருக்கிறார்கள். கால்வாய்க் கரையில் தேடினேன், குப்பைதான். அடையாறு போகும் சாலையில் ஒரு பூச்செடிக் கடை கண்ணில் பட்டது.

கடைக்காரர் என் கையைப் பார்த்தார். காபித்தூள் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாபா, கையிலயே டிகாஷன் எறக்கினு வர்றே?"

"அண்ணே, வெட்டுக்காயப் பூண்டு கீதா?"

"அத்த எவன் துட்டு குடுத்து வாங்குவான்? ரோஜாத் தொட்டில மொளச்சி உசுர வாங்குது. தோ, காலைலேர்ந்து புடுங்கிப் போட்டுகினே கீறேன்."

அவர் காலடியில் ஒரு குவியல்! அத்தனையும் அதுதான். சந்தோஷத்தில் கூவியே விட்டேன். காபித்தூளை அவர் குழாயடியில் கழுவிவிட்டு, தழையை அலசிக் கசக்கிக் காயத்தில் பிழிந்தார். சுரீரென்றது. கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. திரும்பி வந்ததும் அக்கா விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசியும் போட வைத்தார்.

மறுநாள் காலை அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இடது கையில் காயை நிறுத்தினேன். வலித்தது, ஆனால் விரல் பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று! தண்ணீர் மூக்கில் தெறித்தது.

"தம்பிக்குப் போன் போடலியாக்கா?"

"மூடிகினு ஸ்ட்ராவ போடுடா. கஸ்டமர் நிக்கிறாங்க பாரு."