தொட்டியில் ஓர் இடம்

எங்கள் குடும்பத்தில் உலகத்தைச் சுற்றிவந்தவர் ஒருவர் உண்டு என்று சொன்னால், கப்பலா விமானமா என்று கேட்பார்கள். மோட்டார் சைக்கிள் என்பேன். அதன்பின் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஸ்கூட்டரில் ஆரணி வரை போய்வந்தாலே இரண்டு நாள் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்கிறவளின் வம்சத்தில் இப்படி ஒருவரா என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருக்கும். நியாயமான சந்தேகம்தான்.

பெரியப்பா பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தவர். யுத்தம் முடிந்ததும் பட்டாளம் கழித்துப்போட்ட வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். கூட வேலை பார்த்த பஞ்சாபிக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஈரான், துருக்கி என்று கிளம்பி, ஐரோப்பாவைக் கடந்து, வண்டியோடு கப்பலேறி அமெரிக்கா பார்த்து, ஜப்பான், சிங்கப்பூர் வழியாக மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. கிளம்பும்போது அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். இந்தக் கடைசி விவரம் மட்டும் அவர் சொல்லும் கதைகளில் வராது.

கதைகளில் வருவது ஊறுகாய். பெரியம்மா போட்டுக் கொடுத்த மாங்காய் ஊறுகாய் ஜாடி ஒன்று அந்த வண்டியில் போனது. துருக்கி எல்லையில் உள்ளே விடமாட்டேன் என்று மறித்த சிப்பாய்க்குப் பெரியப்பா அதில் ஒரு துண்டை நீட்ட, அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி, மூக்கு சிவந்து, தண்ணீர் குடிக்க ஓடிய நேரத்தில் இவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் ஊர் ஆலங்காயத்தில் இந்தக் கதையைக் கேட்காத குழந்தை கிடையாது. எனக்கு அது மனப்பாடம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அறுபதைத் தொடப்போகிற பெரியப்பா, அதே வழியில் அதே வண்டியில் இன்னொரு தடவை உலகத்தைச் சுற்றப்போவதாக அறிவித்தார். சோறு பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது.

"அங்கல்லாம் சண்ட நடக்குதுண்ணா. பேப்பர் படிக்கிறதில்லியா?"

"நான் போனப்போ மட்டும் இன்னா, பந்தி பரிமாறிட்டு இருந்தாங்களா?"

பெரியம்மா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு நிபந்தனையோடு வந்தார். முதலில் ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் வரை போய்வர வேண்டும். சனிக்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். நின்றால் உலகத்துக்குப் போகலாம். நிற்காவிட்டால் வண்டி பெரியம்மாவின் தம்பிக்கு. தம்பி ஒடுகத்தூரில் பால் வியாபாரம் செய்தவர். வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சைடுகாரின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். பால் கேன் வைப்பதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அந்தச் சைடுகாரை நாங்கள் தொட்டி என்போம்.

"கூட பாப்பாவ இட்டுனு போங்க," என்றார் பெரியம்மா. "அது தொட்டில இருந்தா கண்ணுமண்ணு தெரியாம ஓட்டமாட்டீங்க."

இப்படியாக நான் உலகப் பயணத்தில் பிரேக்காகச் சேர்க்கப்பட்டேன்.

மலைப்பாதையில் பாதி தூரம் வண்டி பாடிக்கொண்டே ஏறியது. நான் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறினேன். பெரியப்பா வழிநெடுக எனக்குப் பயண விதிகள் போதித்தார். முதல் விதி, எந்த ஊரில் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. இரண்டாவது விதி, எந்த ஊர் சட்டத்தையும் மீறக்கூடாது. துருக்கிச் சிப்பாய் விஷயத்தில் இரண்டாவது விதி என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று சும்மா இருந்தேன்.

ஜமுனாமரத்தூரைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் தாண்டியதும் வண்டி இருமி, புகைவிட்டு நின்றது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு நடுவே மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். அங்கே ஏற்கெனவே கூட்டம், மேளம், மஞ்சள் வாசனை. பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. போன இடமெல்லாம் மாலை மரியாதையோடு வரவேற்றார்கள் என்று சொல்வாரே, அதுதான் இங்கேயும் நடக்கிறது என்று நினைத்துவிட்டார். ஊர்க் கவுண்டர் மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் முன்னால் வந்து தயங்கினார்.

"உங்களுக்குமாங்க?"

முதல் விதி! பெரியப்பா கையை நீட்டினார். என் கையையும் பிடித்து நீட்டினார். அதோடு விட்டாரா? "வண்டிக்கும் கட்டுங்க," என்றார். கவுண்டர் அவரை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, ஹாண்டில்பாரில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

எங்கள் ஆலங்காயத்திலும் காப்புக் கட்டுவார்கள். பெரியப்பாவுக்கு அது தெரியாதது அல்ல. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவருக்குச் சொந்த மலையே வெளிநாடாகிவிட்டது. தெரிந்ததையெல்லாம் கீழே வைத்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் காலையில் பிளக்கைத் துடைத்து மாட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஊர் எல்லைக் கல்வரை போனோம். கல்லின்மேல் கவுண்டர் உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"வூட்டுக்குத்தான்."

"காப்பு கட்டினவங்க எல்லைய தாண்டக்கூடாதுங்களே. தாண்டினா ஊருக்கு ஆவாது."

"எங்க ஊர்ல பகல்ல போய்ட்டு வரலாமே."

"அது கீழ. இது மேல."

"சரி, அவுத்துடுங்க."

"அவுப்போங்க. வெள்ளிக்கெழம."

பெரியப்பா சட்டைக்குள் கைவிட்டுப் பழைய பாஸ்போர்ட்டை எடுத்தார். ஜமுனாமரத்தூர் போவதற்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள், அவர் சந்தைக்கே அதை எடுத்துக்கொண்டுதான் போவார். கவுண்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி முத்திரைகளை ரசித்தார்.

"இத்தினி ஊர்லயும் வுட்டாங்களா?"

"எல்லா ஊர்லயும்."

"நாங்க வுடமாட்டோங்க," என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இங்க இந்தக் கயிறுதான் பாஸ்போட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா வண்டியைத் திருப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியப்பா தோற்கப்போகிறார், தொட்டியில் பால் கேன் ஏறப்போகிறது. யாருமில்லாத இடமாகப் பார்த்து, "கத்திரிச்சிட்டு ஓடிடலாமா பெரிப்பா?" என்று கேட்டேன்.

"தாண்டினா இவங்க மனசு ஒடிஞ்சிடும் பாப்பா. அப்புறம் எந்த மூஞ்சியோட இன்னொரு ஊருக்குப் போறது?"

ஞாயிற்றுக்கிழமை பொழுது அந்த மலைமேல் மிக அழகாகச் சாய்ந்தது. நானும் பெரியப்பாவும் அதைப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் மூலையில் உட்காருகிற மனிதர் இல்லை. உலகத்தைச் சுற்ற முடியாவிட்டால் என்ன, ஊரைச் சுற்றலாம் என்று திங்கட்கிழமை காலை கிளம்பிவிட்டார். பயிற்சி விடக்கூடாதாம். வீடுகளைச் சுற்றி, சாமை அடிக்கும் களத்தைச் சுற்றி, எல்லைக் கல்வரை போய்த் திரும்பினார். தொட்டியில் ஊர்ப் பிள்ளைகள் முறைவைத்து ஏறினார்கள். பிறகு கிழவிகள். ஒரு கிழவி இறங்கவே மாட்டேன் என்று வெற்றிலைப் பையோடு தொட்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எறங்கு ஆயா, மத்தவங்க ஏறணும்," என்றால், "நான் இன்னும் ஊர் போய் சேரலியே," என்பாள்.

புதன்கிழமை, புளி ஏற்ற வந்த லாரியிலிருந்து பெரியம்மா இறங்கினார். நாங்கள் அகப்பட்டுக்கொண்ட சேதி அந்த லாரிக்காரர் மூலமாகத்தான் கீழே போயிருந்தது. பெரியம்மா எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். உள்ளே வரச்சொல்லிக் கவுண்டர் கூப்பிட்டதற்கு, "அவரு வரட்டுங்க," என்றார். அவர் வரமுடியாது. ஆகவே பெரியப்பா கல்லுக்கு இந்தப் பக்கம், பெரியம்மா அந்தப் பக்கம். நான் தொட்டிக்குள், கிழவியோடு நெருக்கியடித்துக்கொண்டு.

"தம்பி வந்து வூட்ல குந்திருக்கான்," என்றார் பெரியம்மா. "கேனோட."

"தோத்துட்டேன். ஒத்துக்கிறேன். அடுத்த வாரம் ஒண்ணு வெச்சுக்கலாம், போளூர் வரைக்கும் போய்ட்டு..."

பெரியம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தொட்டியில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல யாரு வேணா ஏறலாமா?"

"ஏறலாமே."

"அப்போ, மொத தடவ போனீங்களே, அப்போ இதுல இன்னா இருந்துச்சு?"

பெரியப்பா மோவாயைச் சொறிந்தார். "பெட்ரோல் டின்னு. அரிசி மூட்ட. ஸ்டவ்வு ஒண்ணு."

முக்கியமானதை மறந்துவிட்டாரே! எனக்குப் பொறுக்கவில்லை. பெரியம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டுமென்று எழுந்து நின்று கத்தினேன்: "ஊறுகா ஜாடி பெரிம்மா! நீ போட்டுக் குடுத்தியே, அது! அமெரிக்கா வரைக்கும் போச்சே!"

கிழவி மட்டும், "ஜாடிக்கு இருந்த யோகத்தப் பாரு," என்று வெற்றிலையை மடித்தாள். ஊறுகாய் கதையைப் பெரியப்பா சொல்லாமல் விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறந்துபோயிருக்கும் என்று நினைத்து, துருக்கிச் சிப்பாயைப் பற்றி எடுத்துக் கொடுத்தேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி உள்ளே வந்தார். நேராகக் கவுண்டரிடம் போய்க் கையை நீட்டினார்.

"இன்னாங்க, நீங்களுமா? வெள்ளிக்கெழம வரைக்கும் போவ முடியாதுங்க."

"தெரியும். கட்டுங்க."

வெள்ளிக்கிழமை கூழ் குடித்து, காப்பு அவிழ்த்து, வண்டியின் கயிற்றையும் அவிழ்த்து, மூவரும் கிளம்பினோம். தொட்டியில் பெரியம்மா ஏறி உட்கார்ந்தார். என் இடம்! நான் பெரியப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. ஜமுனாமரத்தூரில் சாலை பிரிகிற இடத்தில் வண்டி நின்றது. ஒரு பக்கம் இறங்கினால் ஆலங்காயம், வீடு, கேனோடு காத்திருக்கும் தம்பி. மறுபக்கம் போளூர். பெரியப்பா குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"எங்கிட்டயா கேக்கறீங்க?" என்றார் பெரியம்மா. சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு போளூர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

போளூரில் இறங்கி, கண்ணமங்கலத்தில் டீ குடித்து, வேலூர் போய், ஒடுகத்தூர் வழியாக மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்தோம். ஒடுகத்தூரில் தம்பியின் கடை பூட்டியிருந்தது. அவர்தான் எங்கள் வீட்டில் காத்திருக்கிறாரே. நாங்கள் போய் நின்றதும் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அக்காவைத் தொட்டியில் பார்த்துத் திகைத்தார்.

"எறங்குக்கா, அளவு பாக்கணும்."

"அளவுல்லாம் பாத்தாச்சு," என்றார் பெரியம்மா. "எனக்குத்தான் சரியா இருக்குது."

அதற்கடுத்த வாரம் பெரியப்பாவும் பெரியம்மாவும் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வாணியம்பாடி ஸ்டுடியோவுக்குப் போய்வந்தார்கள். பெரியம்மாவின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் சுற்றப்போவது பெரியப்பாதானே, பெரியம்மாவுக்கு எதற்குப் போட்டோ என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அம்மா என் தலையில் குட்டினாள்.

அவர்கள் கிளம்பிய காலையில் நான் வாசலில் புரண்டு அழுதேன். பெரியப்பா, பெரியம்மா மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று தெருவே மெச்சியது. நான் அழுதது தொட்டிக்காக. நியாயமாகப் பார்த்தால் அது என்னுடைய இடம். முதலில் உட்கார்ந்தது நான்தான் என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன்.