இடம்பிடிக்க வைத்த பவர் பேங்க்

மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய பவர் பேங்க் ஒரு பக்கம் உப்பியிருந்தது. சார்ஜ் ஏறுகிறதே என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஞாயிறு, தேக்கா உணவங்காடியில் எல்லோரையும்போல மேசையில் வைத்து இடம்பிடிக்கக் கையில் டிஷ்யூ பாக்கெட் இல்லை. வெயில் விழுந்த மேசையில் பவர் பேங்கை வைத்துவிட்டு பிரியாணிக்கு வரிசையில் நின்றேன். யாராவது எடுத்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

திடீரென்று அதிலிருந்து புகை! பக்கத்து மேசைப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கிட்ட போகாதீங்க லா! யாரோடது இது?" என்று தட்டு எடுக்கும் அண்ணன் கத்தினார். வரிசையில் நின்றவர்களோடு சேர்ந்து நானும் யாருடையதோ என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

இப்போது பாதுகாப்புச் சான்று பார்த்துத்தான் புதியது வாங்கியிருக்கிறேன். ஆனாலும் தெம்பனிஸ் செல்லும் ரயிலில் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், சுடுகிறதா என்று.