வேனைச் சுற்றி வந்தவர்

கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்கு நாங்கள் போய்வந்த பள்ளி வேனின் டிரைவர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி வண்டியை ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவார். முன்சக்கரத்தருகே குனிந்து பார்ப்பார், பின்னால் போய் இன்னொரு முறை குனிவார். பிறகுதான் வண்டி நகரும்.

"இன்னா மாமா, கோயில் பிரகாரம் சுத்துறீங்களா? சுண்டல் உண்டா?" என்று கத்துவோம்.

"உண்டு, உண்டு. கைய உள்ள வச்சிக்கினு இருக்கறவுங்களுக்கு மட்டுந்தான்" என்பார்.

வாரத்தில் இரண்டு நாளாவது தாமதமாகிவிடும். தாமதமாக வந்தவர்கள் பிரேயர் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். நான் நான்காம் வகுப்பு லீடர். வெளியே நின்ற லீடரைப் பார்த்து வகுப்பே சிரித்த அன்று, வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "வேன் மாமா எறங்கி எறங்கி பீடி பிடிக்கறாருப்பா, அதான் லேட்டு" என்றேன். வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார் என்று உண்மையைச் சொன்னால் அப்பா அவரைப் பாராட்டிவிடுவார். அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

மறுநாள் காலை அப்பா வேனை நிறுத்திக் கேட்டார்.

"பீடிய நா தொட்டதே இல்ல சார்."

"அப்ப எம்பொண்ணு பொய் சொல்லுதா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

"சின்னப் புள்ள சார், மெரட்டாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்சக்கரத்தைப் பார்க்கப் போனார். அப்பா பள்ளிக்குப் புகார் எழுதினார். அடுத்த வாரம் வேறொருவர் வேன் ஓட்டி வந்தார்.

புதியவர் இறங்கவே மாட்டார். பிரேயருக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பத்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கிய தம்பி, எல்.கே.ஜி. படித்தவன், உருண்டோடிய தண்ணீர் பாட்டிலை எடுக்க வேனுக்கு முன்னால் குனிந்தான். வண்டி நகர்ந்தது. அப்பா ஓடிவந்து இரண்டு கையாலும் வேனின் பக்கவாட்டில் அறைந்தார். பிரேக் போட்டு நின்றபோது பாட்டில் டயருக்கடியில் நசுங்கிக் கிடந்தது. தம்பிக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

இப்போது மஞ்சக்குப்பத்தில் என் மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நானே குனிந்து சக்கரங்களைப் பார்க்கிறேன். "நீ ஜாஸ்தி பயப்படற" என்கிறார் கணவர். இருக்கலாம். பார்த்த பிறகும் சரியாகப் பார்த்தேனா என்ற சந்தேகம் போவதில்லை.

அன்று தம்பியின் கைக்கு மருந்து போட்டு முடித்ததும் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். வெளியே போகும் சட்டை போட்டிருந்தார். கையில் வண்டிச் சாவி.

"பாப்பா, அவுரு பீடி பிடிச்சத நீ பாத்தியா?"

மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன்.

"பாத்தேம்பா."

அப்பா சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

'இல்லை' என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். சொல்லியிருந்தால் நேரே பழைய டிரைவரின் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். நான்காம் வகுப்பு லீடருக்கு அது தெரியவில்லை.