கால் சதுர அடி பூமி

எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் வியாழன் கிரகம் இருக்கிறது. பழுப்பு நிற ஆட்டுத் தோலில் வட்டமாக வெட்டியது. வீடு பெருக்கும்போது அதன் விளிம்பு கண்ணில் பட்டால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

ஆம்பூரில் ஒரு டேனரியில் அளவெடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதனிட்டு முடிந்த தோலை மெஷினில் விட்டால் எத்தனை சதுர அடி என்று காட்டும். அந்த எண்ணைத் தோலின் பின்பக்கம் எழுதுவதுதான் என் வேலை. நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. ஆட்டுத் தோலுக்கு நேரான ஓரமே கிடையாது, ஸ்கேலை எங்கே வைப்பது? ஆகவே ஒன்று இன்னொன்றைவிடப் பெரியது என்றால் எனக்கு அதன் பரப்பு பெரியது என்றுதான் அர்த்தம். இருபது வருடமாக அப்படித்தான்.

மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். அதில் முதலாவதாக வருகிற ஒரே ஒரு மாதிரி மட்டும் வேலூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். அவளுக்கு ஒரு மாதமாகத் தூங்கி எழுந்தால் அதே பேச்சு. சூரியக் குடும்பம் செய்யப்போவதாகச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் தெர்மாகோல் பந்துக்குச் சாயம் அடித்து ஒட்டுவார்கள், பூமியும் வியாழனும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், தனக்கு அது வேண்டாம், எல்லாம் சரியான அளவில் வேண்டும் என்றாள்.

அளவு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட தோல்களில் பத்துப் பன்னிரண்டு வாங்கிவந்தேன். அவளுடைய நோட்டில் எழுதியிருந்தது: பூமி ஒன்று, வியாழன் பதினொரு மடங்கு, சூரியன் நூற்றொன்பது மடங்கு. எங்கள் மெஷின் கால் சதுர அடிக்குக் கீழே கணக்கு வைக்காது. எனவே பூமிக்குக் கால் சதுர அடி என்று முடிவு செய்தேன். வியாழனுக்கு இரண்டே முக்கால். சூரியனுக்கு இருபத்தேழே கால்.

அப்போதே அவள் சொன்னாள்.

"பா, பதினோரு மடங்குன்றது அகலத்துலபா. குறுக்கே."

"இன்னாடி, அளவு பத்தி எனக்கே சொல்றியா? உங்க மிஸ்ஸு என்னிக்காவது தோலைத் தொட்டுப் பாத்திருப்பாங்களா?"

"இல்லபா, புக்குலயே..."

"போதும். கம்மி ஜாஸ்தின்னு யாராவது கேட்டா நான் பதில் சொல்றேன். நீ போய்ப் படி."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஜாதி நான். அவள் போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வியாழனை மெஷினில் விட்டு எடுத்து, ஓரத்தைச் சீவி, மறுபடி விட்டு, இரண்டே முக்கால் காட்டும்வரை விடவில்லை. சூரியனுக்கு ஏழு தோலைச் சொல்யூஷன் போட்டு ஒட்டி, மஞ்சள் சாயம் அடித்தேன். கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த மாவட்டத்தில் எவனாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது என்று வேறு சொன்னேன்.

கண்காட்சி அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஹாலில் எங்கள் சூரியன்தான் பெரியது. மகள் ஒவ்வொரு கிரகத்துக்குக் கீழேயும் ஒரு அட்டை மாட்டியிருந்தாள். அதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். கால் சதுர அடிப் பூமியின் அகலம் பதினேழு சென்டிமீட்டர். அந்த அளவில் பூமி இந்த ஹாலில் இருந்தால் சூரியன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 'சூரியன் இருக்க வேண்டிய இடம்: அப்பாவின் கம்பெனி கேட்' என்று எழுதியிருந்தாள். அங்கிருந்து புறப்படும் வெளிச்சம் எட்டு நிமிடம் கழித்துப் பள்ளிக்கு வரும், அதாவது அப்பா சைக்கிளில் வருகிற வேகம்தான். அந்த எட்டு நிமிடத்தில் பூமி தன் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நகர்ந்திருக்கும். சூரியனிலிருந்து சனி வாணியம்பாடி தூரத்தில். நெப்டியூன் வேலூரையும் தாண்டி.

தேர்வு செய்ய வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அட்டைகளை நின்று நிதானமாகப் படித்தார். கணக்கெல்லாம் நீயே போட்டாயா என்று கேட்டு, நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு பூமியை ஆணியிலிருந்து கழற்றி, வியாழனின் மேல் ஒரு ஓரத்திலிருந்து குறுக்கே வைத்து வைத்துப் பார்த்தார். மூன்று முறை வைத்தார். கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான்.

"எத்தனை பூமி வரணும்மா?"

"பதினொன்னு சார்."

"இதுல மூணுதானே வருது? சூரியனும் தப்பாத்தான் இருக்கும். யாரு வெட்டினது?"

நான் அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். என் கூட வேலை செய்கிறவர் ஒருவர் தன் பிள்ளையுடன் பக்கத்து மேஜையில் இருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் சூரியனைப் பார்த்தேன். மகள் உடனே பதில் சொல்லவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நான்தான் சார் வெட்டினேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, தூரம் புரிந்த பிள்ளைக்கு அகலம் புரியாமல் போனது ஆச்சரியம் என்று அவளுடைய மிஸ்ஸிடம் சொல்லிக்கொண்டே நகர்ந்தார். தெர்மாகோலில் செய்த ஒரு எரிமலை வேலூருக்குப் போனது.

இதில் எனக்குத் தெரியாதது என்ன இருந்தது என்று யோசித்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் தோல் நாலு மடங்கு போகும் என்று கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். வியாழன் பதினொரு மடங்கு அகலம் என்றால் முப்பது சதுர அடி வேண்டும். என் உயரத்தைவிடப் பெரிதாக வந்திருக்கும். சூரியனுக்கு ஊரில் உள்ள தோலெல்லாம் கொண்டுவந்து ஒட்டினாலும் ஹாலில் மாட்ட முடியாது, குறுக்கே அறுபது அடி. அவள் பூமியைக் கொஞ்சூண்டாக வெட்டச் சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். எங்கே சொல்ல விட்டேன்?

மறுநாள் காலையில் வேலைக்குப் போனவன் கேட்டிலேயே சைக்கிளைத் திருப்பிப் பள்ளிக்குப் போனேன். வழியில் வாட்சைப் பார்த்தேன். அவள் எழுதியது சரி, எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. மிஸ்ஸிடம், வெட்டியது நான், பிள்ளை சொல்லியும் கேட்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "வேலூருக்குப் பேர் அனுப்பியாச்சுங்க. நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் தோல்களை மூட்டை கட்டும்போது வியாழனைத் திருப்பினேன். நான் இரண்டே முக்கால் என்று மார்க்கரில் எழுதியதற்குப் பக்கத்தில், பென்சிலில் மூன்று வட்டம் வரிசையாக வரைந்திருந்தது. பூமியை வைத்துச் சுற்றி இழுத்த கோடு. கண்காட்சிக்கு முன்பே அவள் அளந்து பார்த்திருக்கிறாள். தப்பு என்று தெரிந்தே கொண்டுபோய் மாட்டியிருக்கிறாள்.

சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தோலைக் கையில் வைத்துக்கொண்டே போய், "தப்புன்னு தெரிஞ்சும் நீ வெட்டினதா ஏம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் பதில் சொல்றேன்னு நீதானே சொன்ன? நீ சொல்லுவன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்பா" என்றாள்.