துரை கையெழுத்திட்ட துண்டு

மருத்துவ மாணவர்களான எங்களுக்குத் தோட்டத்துச் சுகாதாரச் சட்டத்தைக் கொழும்பு வகுப்பில் விளக்கியிருந்தார்கள். அது நடக்கும் விதத்தைப் பார்க்க ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குச் சுமக்கும் ஒருவரைச் சந்தித்தேன். தோள் காய்த்த மனிதர். அன்று தண்டில் கட்டிய கம்பளித் தூளியில் ஒரு பெண் கிடந்தாள். பின்பக்கம் தூக்கியவன் அவள் புருஷன். முன்பக்கம் தூக்கிய அவர் வளைவுக்கு வளைவு நின்று, அவள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“எதுக்கு?” என்றேன்.

“மூச்சு நின்னுட்டா ஆஸ்பத்திரியில எடுக்க மாட்டாங்க. லயத்து வீட்டுக்கே திரும்பிருவோம்.”

“முன்னமே கொண்டு வந்திருக்கலாமே?”

“தோட்டத்துத் தொரை ஆஸ்பத்திரித் துண்டுல கையெழுத்துப் போட்டது இன்னிக்குத்தாங்க. நீங்க போட்டா செல்லாதுங்களா?”

“சட்டப்படி செல்லாது.”

அடுத்த வளைவில் என் கையைப் பிடித்து அவள் மூக்கருகே வைத்தார். மூச்சு இல்லை. புருஷனிடம் ஒன்றும் சொல்லாமல் தண்டைத் தோளில் ஏற்றி, ஆஸ்பத்திரிப் பக்கமே நடந்தார். “ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவனுக்கு அவ உசிரோடவே இருக்கட்டுங்க” என்று என் காதில் மட்டும் சொன்னார்.