மணல் பெட்டி டீச்சரம்மா

மணல் பெட்டி டீச்சரம்மாவுக்கு நான் பன்னிரண்டு வாரக் கட்டணம் பாக்கி வைத்திருந்தேன். கையில் பணம் இல்லாமல் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, முதுகில் மூட்டை சுமந்து, ஒற்றை ஆளாகப் பதினோரு லாரி வாங்கியவன் நான். என்னைக் கண்டால் வங்கி மேலாளர் எழுந்து நிற்பார். கொடுக்க மனசில்லாமல்தான் கொடுக்கவில்லை. அதை மறைத்துவிட்டு அந்த அம்மாவைப் பற்றி எழுத முடியாது.

அவர் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் ஆயாவாக இருந்தவர். படுக்கை விரிப்பு மாற்றுவது, வாந்தி துடைப்பது, இதுதான் வேலை. ஊசி போடும்போது வாயே திறக்காத பிள்ளைகள், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் தலையணையைக் குப்புறப் போட்டு அதற்கு ஊசி குத்துவதைப் பார்த்திருக்கிறார். விரிப்பை மடித்துக்கொண்டே நின்று பார்ப்பாராம். முப்பத்தாறு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, விளையாட்டு வழியாகப் பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பைப் படித்தார்.

“பொம்மை வச்சு விளையாட ஒரு சர்டிபிகேட்டா? நம்ம பூனைக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா” என்று புருஷன் கேலி செய்தாராம். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதைச் சொல்லும்போது டீச்சரம்மா சிரிப்பார்.

டயர் கடை மாடியில் ஒரே ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். தாழ்வான மேஜையில் ஒரு மரப்பெட்டி, உள்ளே நீலச் சாயம் அடித்து, பாதிக்கு மணல். அலமாரியில் மிருகங்கள், வண்டிகள், முகம் வரையாத துணிப் பொம்மைகள், மருந்துப் பை, இரண்டு விளையாட்டுப் போன்கள். பாதியும் உடைசல். எது எங்கே இருந்ததோ அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். பிள்ளை எதையாவது எடுத்தால் அவர் கேள்வி கேட்க மாட்டார். “பொம்மை கீழ விழுந்திருச்சு”, “திரும்பவும் விழுந்திருச்சு” என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்வார். இதற்கா காசு என்று எனக்குத் தோன்றியது.

என் பேத்திக்காகத்தான் அங்கே போனோம். வயசு ஆறு. ஓயாமல் பேசுவதால் வீட்டில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அவள் அப்பன், என் ஒரே மகன், லாரி கவிழ்ந்து செத்த நாளிலிருந்து ரேடியோ நின்றுவிட்டது.

பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நடந்தது வேறு. இரண்டு நாள் தூங்காமல் ஓட்டிவிட்டு அன்று காலை வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவனுக்கு, அடுத்த லோடு ஏற்றச் சொல்லிப் போன் போட்டேன்.

“கொஞ்சம் தூங்கிட்டு வர்றேன்ப்பா.”

“தூக்கமாவது கீக்கமாவது. உன் வயசுல நான் மூணு நாள் கண்ணு மூடல. கிளம்புடா.”

கிளம்பினான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவன் சாப்பிடும்போது பிள்ளை மடியில் இருந்தாள் என்று மருமகள் பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் போனைப் பிள்ளை கேட்டாளா? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

முதல் மாதக் கட்டணத்தை ஒழுங்காகக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் டீச்சரம்மாவைப் படியில் நிறுத்திக் கேட்டேன்.

“உள்ள என்னம்மா விளையாடுறா?”

“நல்லாத் தூங்குறாளா, பயப்படுறாளா, அதெல்லாம் கேளுங்கய்யா, சொல்றேன். என்ன விளையாடுறான்னு மட்டும் கேக்காதீங்க. அது அவளோடது. நான் எடுத்து உங்க கையில குடுத்தா, அப்புறம் எங்கிட்ட விளையாட மாட்டா.”

“காசு குடுக்கிறவன் நான்.”

“ஆமாங்கய்யா.”

“எங்க தொழில்ல லோடை இறக்கி, ரசீதுல கையெழுத்து வாங்கிட்டு வந்தாதான் வாடகை. நீங்க இன்னும் எதையும் இறக்கலையே?”

“பிள்ளை லோடு இல்லீங்களே” என்றார். அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை.

என் பேச்சை நானே மெச்சிக்கொண்டு இறங்கினேன். அன்றிலிருந்து பணம் நிறுத்தம். மருமகள் கெஞ்சினாள். “அவங்களும் சாப்பிடணும்ல மாமா?” என்றாள். “இவ வாயைத் திறக்கட்டும், ஒரே கட்டாத் தர்றேன்” என்றேன். அந்த அம்மாவும் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. நான் நிறுத்திய ஐந்தாம் வாரம் பிள்ளை வீட்டில் “தண்ணி” என்றாள். மருமகள் செம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். நான் அப்போதும் கொடுக்கவில்லை. தண்ணி என்ற சொல்லில் எனக்கு வேண்டியது இல்லையே.

பன்னிரண்டு வாரம் முடிந்து அடுத்த வாரம் நானே பிள்ளையை அழைத்துப் போனேன். கதவைத் திறந்தால் அறை முழுக்க டயர். கூரை வரை அடுக்கியிருந்தது. அலமாரி இருந்த மூலைக்குப் பிள்ளை போனாள். இரண்டு டயருக்கு நடுவே தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். வெறுங்கையை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கீழே கடைக்காரரிடம் கேட்டேன்.

“மூணு மாச வாடகை நின்னு போச்சு பெரியவரே. பாவம் பாத்தா என் டயர் மழையில நனையுது. அங்க வர்றதெல்லாம் கூலிக்காரங்க பிள்ளைங்க, இருந்தா குடுப்பாங்க. ஒரே ஒரு பெரிய இடத்துப் பிள்ளை வருது, அவங்க குடுத்ததும் தர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு அந்தம்மா. அந்தப் பெரிய மனுசன் எவன்னு தெரியல. நல்லா இருக்கட்டும்.”

நான் யாரென்று சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அன்று முதல் தண்ணி என்ற அந்த ஒரு சொல்லும் நின்றுபோனது. பாயை நனைக்க ஆரம்பித்தாள்.

எட்டு நாள் அலைந்து டீச்சரம்மாவின் வீட்டைப் பிடித்தேன். ஒற்றை அறை. சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் அந்த மணல் பெட்டி இருந்தது. ஜன்னல் திட்டில் பொம்மைகள் அதே வரிசையில் நின்றன.

“வாயைத் திறந்து கேட்டிருக்கலாமேம்மா?”

“ரெண்டு தடவை கேட்டேனே ஐயா. மூணாவது தடவை கேட்டா பிள்ளையை நிறுத்திருவீங்களோன்னு பயந்துட்டேன்.”

பிள்ளை திரும்பவும் பேச்சை நிறுத்திவிட்டதையும் பாயை நனைப்பதையும் சொன்னேன். “நாளைக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வந்து என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“உங்களை உள்ள கூப்பிடுறா. அவ சொல்றதை மட்டும் செய்யுங்க. நீங்களா எதையும் சேக்காதீங்க” என்றார் டீச்சரம்மா.

பிள்ளை ஒரு போனை என் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மடியில் ஒரு குட்டிப் பொம்மையை உட்கார வைத்தாள். பிறகு பேசினாள். கரகரவென்று, துருப்பிடித்த குரல்.

“தூங்கிட்டு வர்றேன்ப்பா.”

டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வியப்பே இல்லை. எத்தனையோ வாரமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னிடம் கட்டணம் கேட்டு நின்றபோதுகூட அதை என் முகத்தில் வீசவில்லை.

“என்ன சொல்லணும்னு அவகிட்டயே கேளுங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

“தாத்தா என்ன சொல்லட்டும்டா கண்ணு? தூங்குன்னு சொல்லட்டுமா?”

தலையை ஆட்டி மறுத்தாள். “கிளம்புடா சொல்லு.”

சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு பொம்மை லாரியை மணலில் ஓட்டினாள். கவிழ்த்தாள். இரண்டு கையாலும் மணலை அள்ளி மூடினாள். “லாரி உள்ள போயிருச்சு” என்றார் டீச்சரம்மா. பிள்ளை அதைத் தோண்டி எடுத்து, துடைத்து, திரும்பவும் போனை என் கையில் திணித்தாள். ஏழு தடவை சொல்லவைத்தாள். ஏழாவது தடவை எனக்குக் குரல் வரவில்லை. அவள் விடவில்லை, வரும்வரை காத்திருந்தாள்.

“அடுத்த வாரமும் இதேதான் கேப்பா. எத்தனை வாரம்னு எனக்குத் தெரியாது. வருவீங்களா?” என்று கேட்டார் டீச்சரம்மா.

வருகிறேன் என்றேன். கட்டாக வைத்திருந்த பணத்தை அப்படியே நீட்டினேன்.

“பன்னெண்டு வாரத்துக்கு மட்டும் போதுங்கய்யா. எண்ணிக் குடுங்க.”

கையை நீட்டினார். உள்ளங்கையில் மணல் ஒட்டியிருந்தது. நான் ஒவ்வொரு நோட்டாக எண்ணி அதில் வைத்தேன்.